அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? பள்ளிக்கூடமும் சுய மருத்துவமும்

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நான்காவது பீரியடில் மேசை மேல் தலையைக் கவிழ்த்துப் படுத்துவிட்டான். நெற்றியைத் தொட்டால் கொதித்தது. ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்துப்போய், என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் அட்டையிலிருந்து ஒரு பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரையைப் பிதுக்கிக் கொடுத்து, தண்ணீர் குடிக்கவைத்து, பெஞ்சில் படுக்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் வியர்த்தது, சூடு இறங்கியது. நிம்மதியாக அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவன் அம்மா சொன்னார்: "காலையிலயே உடம்பு சுட்டுச்சு டீச்சர். எட்டரைக்கு ஒரு மாத்திரை குடுத்துத்தான் அனுப்புனேன். இன்னிக்குப் பரீட்சை, போயே ஆகணும்னு அழுதான்." நான் கொடுத்தது பன்னிரண்டு மணிக்கு.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாளில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு டீச்சர் என்பதால் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பாராசிட்டமாலைப் பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பையன் 25 கிலோ இருப்பான். கூடிப்போனால் 375 மில்லிகிராம். நான் கொடுத்தது 650. அவன் அம்மா கொடுத்ததும் வீட்டில் பெரியவர்களுக்காக வாங்கி வைத்திருந்த அதே 650. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும், மூன்றரைதான் ஆகியிருந்தது. "காலையில் ஏதாவது மாத்திரை போட்டியாடா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

நாங்கள் இரண்டு பேர் அன்று செய்ததற்குப் பெயர்தான் சுய மருத்துவம். டாக்டரிடம் காட்டாமல், நமக்கு என்ன நோய் என்று நாமே முடிவுகட்டி, அதற்கு மருந்தையும் நாமே எடுத்துக்கொள்வது. மெடிக்கலில் கேட்டு வாங்குவது மட்டும் இதில் சேர்த்தி என்று பலரும் நினைக்கிறார்கள். போன வருடத்து டாக்டர் சீட்டைக் காட்டி அதே மருந்தைத் திரும்ப வாங்குவதும், பாதியில் நிறுத்திய மருந்தின் மிச்சத்தை அடுத்த தடவை போடுவதும், பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரையை நாம் போடுவதும் இதுதான். நம் கையால் பிள்ளைக்குக் கொடுப்பதும் இதில் அடக்கம். உலக சுகாதார நிறுவனமும் இந்த விரிந்த பொருளில்தான் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது.

எல்லாச் சுய மருத்துவமும் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுப்பதும், சிராய்ப்பைக் கழுவி மருந்து போடுவதும், சாதாரணக் காய்ச்சலுக்குச் சரியான அளவில் பாராசிட்டமால் கொடுத்து ஒரு நாள் பார்ப்பதும் எந்த வீட்டிலும் செய்ய வேண்டியவைதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், உள்ளே போகிற மருந்தின் பெயர்கூடத் தெரியாமல் போடும்போது.

"காய்ச்சல், தலைவலி, உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்கண்ணா." இதை நம் ஊரில் சொல்லாதவர் யார்? பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள கடையில் ஒரு நாள் நானும் அப்படி ஒரு செட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து, பையனின் நினைவில், காகித உறையைப் பிரித்து மேசையில் கொட்டிப் பார்த்தேன். நாலைந்து மாத்திரைகள், ஒவ்வொன்றும் கத்தரியால் வெட்டிய துண்டு அட்டையில். ஒன்றில் பெயரின் கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம். இன்னொன்றில் வெறும் வெள்ளித்தாள். காலாவதி தேதி எதிலும் இல்லை. அது அட்டையின் ஓரத்தில் இருக்கும், ஓரம் கடைக்காரரிடமே தங்கிவிட்டது. உறை மேல் பேனாவால் 'கா 1, இ 1' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மருத்துவம்.

இப்படிப்பட்ட செட்டில் பெரும்பாலும் ஒரு பாராசிட்டமால், சளி தும்மலுக்கு ஒரு அலர்ஜி மாத்திரை, டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும். சில கடைகளில் குட்டியாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் சேரும். 'அந்தக் கடை மாத்திரை போட்டா உடனே கேக்குது' என்று பெயர் வாங்கித் தருவது பல சமயம் அந்தக் குட்டி மாத்திரைதான். ஸ்டீராய்டு வீக்கத்தையும் காய்ச்சலையும் சட்டென்று அமுக்கும், உடம்புக்குத் தெம்பு வந்த மாதிரி காட்டும். கூடவே சர்க்கரையை ஏற்றும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். ஸ்டாஃப் ரூமில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் யாருக்காவது இந்த வெட்டிய துண்டுக்குள் ஸ்டீராய்டு இருக்கிறது என்று தெரியுமா?

அதனால்தான் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதை முதல் பாடமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றொன்று உள்ளே இருக்கும் மருந்தின் உண்மையான பெயர், அதாவது ஜெனரிக் பெயர். டோலோ, கால்பால், க்ரோசின் எல்லாம் கம்பெனிப் பெயர்கள். நாம் காய்ச்சலுக்கு வாங்கும் அந்த மூன்றிலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால். ஜெனரிக் பெயரை கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018இல் விதியே வந்தது. அட்டையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் நமக்கு வரவில்லை.

பார்த்தால் என்ன லாபம்? சளி பிடித்தால் கடைகளில் கிடைக்கும் சளி மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, காய்ச்சலுக்குத் தனியாக ஒரு 650 போடுகிறோம், சாயங்காலம் தலைவலிக்கு இன்னொன்று. மூன்றும் வேறு வேறு நிறம், வேறு வேறு பெயர், உள்ளே ஒரே சரக்கு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை. குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. எல்லை மீறினால் ஈரல் அடிவாங்கும். இதில் பயப்பட வேண்டிய விஷயம், முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டலோடு போய்விடும். ஈரல் கெட்டது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். யாராவது கூடுதலாக விழுங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால், 'நல்லாத்தானே இருக்காங்க' என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி ஆசிரியர்கள் பக்கம். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்குத் தினமும் மதியம் தலைவலி. தினமும் ஒரு மாத்திரை, அப்புறம் ஒன்றரை, அப்புறம் இரண்டு. வருடக்கணக்காக இப்படி. கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டர் சொன்னது எங்கள் எல்லோரையும் திகைக்கவைத்தது: "உங்கள் தலைவலிக்கு இப்போது காரணமே அந்த மாத்திரைதான்." மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாளோ அதற்கு மேலோ இரண்டு மூன்று மருந்து கலந்த கலவை மாத்திரை என்று மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மூளை அதற்குப் பழகி, மாத்திரையின் வேகம் இறங்கும்போதெல்லாம் வலியைத் திருப்பி அனுப்ப ஆரம்பிக்கும். மாத்திரை அளவுமீறியதால் வரும் தலைவலி என்று இதற்குத் தனி நோய்ப்பெயரே இருக்கிறது. டாக்டர் சொன்னபடி அந்த டீச்சர் மாத்திரையை நிறுத்தினார். முதல் சில நாள் வலி பொறுக்க முடியாமல் இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது.

முதலில் அந்தத் தலைவலி ஏன் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்க மாட்டார். பள்ளிக்கூடத்துக் கழிப்பறை அந்த லட்சணத்தில் இருந்தது. பெண் ஆசிரியர்களில் இப்படித் தண்ணீரை ஒதுக்கி வைப்பவர்கள் ஏராளம். பெரிய வகுப்பு மாணவிகளும் அப்படியே. தண்ணீர் இல்லாமல் வரும் தலைவலிக்கும், நாற்பது வயதைத் தாண்டிக் கண்ணாடி போடாததால் வரும் தலைவலிக்கும், ரத்த அழுத்தத்துக்கும் ஒரே மாத்திரை. தலைவலி நமக்குச் சொல்ல வந்த சேதியை மாத்திரை போட்டு அமுக்கிவிடுகிறோம். நெஞ்செரிச்சலுக்கு மாசக்கணக்கில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் விழுங்குவதும் இதே கதைதான். ரொம்ப நாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், உள்ளே புற்று மாதிரி பெரிய நோய் இருந்தால் அதன் அறிகுறி மறைந்துபோகலாம்.

மருத்துவமனைக்கு ஏன் போவதில்லை என்று கேட்டால், பதில் சோம்பேறித்தனம் இல்லை. சி.எல். விடுப்பு தீர்ந்திருக்கும். தனியார் பள்ளி என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். பிள்ளைகளுக்கோ நூறு சதவீத வருகைக்கு மேடையில் பரிசு கொடுக்கிறோம். அந்தப் பரிசு எனக்குப் பிடிக்காது, இதை எங்கள் பள்ளிக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளைக்கு மேலும் நோய், பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் நோய்.

மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். டெங்குவில் உடம்பு வலி எலும்பை முறிப்பது போல இருக்கும். பாராசிட்டமாலுக்கு அது முழுசாக அடங்காது. அதனால் 'கொஞ்சம் பவரா குடுங்க' என்று கேட்டு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வாங்குகிறோம். இவை ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களின் வேலையைத் தடுப்பவை. டெங்கு ஏற்கெனவே தட்டணுக்களைக் குறைத்து வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கு வழி திறந்துவிட்ட மாதிரி. என்ன காய்ச்சல் என்று தெரியும் வரை பாராசிட்டமாலைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. டெங்குவில் இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆரம்பிக்கிறது, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்று பள்ளிக்கு அனுப்பும் அதே நாட்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் நேரே மருத்துவமனைதான். இதோடு சேர்த்து, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. நிமெசுலைடு என்ற வலி மாத்திரையை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்க 2011லேயே தடை வந்துவிட்டது. பழைய அட்டைகளை வீட்டில் சேர்த்து வைப்பவர்கள் தேடிப் பாருங்கள்.

அடுத்தது ஆன்டிபயாடிக். தொண்டை கரகரத்தால் ஸ்டாஃப் ரூமில் ஒருவராவது "அஜித்ரோமைசின் 500, மூணு நாள், சரியாயிடும்" என்பார். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. சாதாரண சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி எல்லாம் வைரஸ் வேலை. அதன் மேல் ஆன்டிபயாடிக்குக்கு எந்தப் பிடியும் இல்லை. மூன்று நாளில் சரியானது தானாகச் சரியானது. ஆனால் அந்த மூன்று நாளில் நம் உடம்பில் குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் மருந்தைச் சந்தித்துவிடுகின்றன. பலவீனமானவை சாகும், தாக்குப்பிடிப்பவை பெருகும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945 டிசம்பரில் நோபல் உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார். ஒருவர் தொண்டை வலிக்குத் தானே பென்சிலின் வாங்கி, கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போதுமான அளவு எடுத்துக்கொள்கிறார். அந்தத் தேறிய கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு மருந்து கேட்காமல் போய், இறந்துவிடுகிறார் என்று ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து விளக்கினார். மருந்தை எடுத்தது ஒருவர், செத்தது இன்னொருவர் என்பதைக் கவனியுங்கள். ஒரு வகுப்பறையில் நாற்பது பேர் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

2012இல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விற்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று 'சென்னைப் பிரகடனம்' ஒன்றை முன்வைத்தன. 2014 மார்ச் முதல், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலான 'எச்1' அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நமக்கு இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்தக் கோடு தெரியும். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டில் இருக்கும் அட்டைகளில் கோட்டைத் தேடிவரச் சொன்னேன். மறுநாள் காலை கை தூக்காத பிள்ளை இல்லை.

மாணவிகள் விஷயத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று, மாதவிடாய் வலி. மெஃபனமிக் அமிலம் உள்ள மாத்திரை ஒன்றை பையில் வைத்திருக்காத பத்தாம் வகுப்பு மாணவியைப் பார்ப்பது அரிது. அந்த மருந்து வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. டாக்டர் ஒரு தடவை பார்த்து எழுதிக் கொடுத்திருந்தால், சாப்பிட்ட பிறகு, சொன்ன அளவில் போடலாம். நடப்பது அப்படி இல்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடிவந்த பெண், தோழியிடம் கடன் வாங்கி, வெறும் வயிற்றில் போடுகிறாள். அவளுக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று தோழிக்குத் தெரியாது. இந்த மருந்தால் அபூர்வமாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்பு பாதிப்பு எல்லாம் சேர்ந்து வரும் கடுமையான ஒவ்வாமை உண்டாகலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. மாத்திரை போட்ட பின் உடம்பில் தடிப்பு தெரிந்தால் அதைச் சாதாரண அரிப்பு என்று விடக் கூடாது. மாதாமாதம் பள்ளிக்கு வர முடியாத அளவு வலி என்றால் அதற்கு உள்ளே வேறு காரணம் இருக்கலாம். 'பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தை நாம், முக்கியமாகப் பெண் ஆசிரியர்கள், விட வேண்டும்.

கோயில் விசேஷம், சுற்றுலா, கல்யாணம் என்றால் 'நாள் தள்ளிப்போட மாத்திரை'. அது நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன். டீச்சர் போடுவதைப் பார்த்து மாணவியும், அம்மா போடுவதைப் பார்த்து மகளும் கேட்கிறார்கள். ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு இது ஆபத்தாகலாம். ஒற்றைத் தலைவலி, உடல் பருமன், குடும்பத்தில் ரத்தக் கட்டி வந்தவர்கள் என்று டாக்டர் கேட்டறிய வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. மெடிக்கல் கவுன்ட்டரில் அந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

பருவுக்கும் நிறத்துக்கும் பூசும் களிம்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். போகப் போகத் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகப் பரு வெடிக்கும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை 2018இல் சீட்டு தேவைப்படும் பட்டியலில் சேர்த்தார்கள். இப்படிக் களிம்பு பூசிய பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கன்னத்தை மறைக்க ஒரு வருடம் முழுக்க மாஸ்க்கைக் கழற்றவே இல்லை.

பள்ளிக்கூடமே மாத்திரை கொடுக்கும் இடமாகவும் இருக்கிறது. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும், குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோலும் ஆசிரியர் கையால்தான் போகின்றன. நல்ல திட்டங்கள். 2023 மார்ச்சில் உதகமண்டலத்தில், இரும்புச்சத்து மாத்திரைகளைப் பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்றதில் ஒரு மாணவி இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் மாத்திரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். நம் கண் முன்னால் ஒன்றை விழுங்கவைப்பதும், மிச்சத்தைக் கைக்கு எட்டாமல் வைப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்று அதற்கு முன் எங்களுக்குத் தோன்றியதில்லை.

அந்தப் பையனுக்குப் பிறகு எங்கள் ஸ்டாஃப் ரூம் டப்பாவைக் கொட்டிச் சுத்தம் செய்தோம். பெயர் இல்லாத துண்டுகள், சிவப்புக் கோடு உள்ளவை, யாரோ விட்டுப்போன பாதி சிரப் எல்லாம் வெளியே. உள்ளே இப்போது ஒரு தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், பஞ்சு, பிளாஸ்டர், வெட்டாத முழு அட்டையாகப் பாராசிட்டமால். கூடவே ஒரு நோட்டு. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் முதலில் வீட்டுக்குப் போன். காலையில் என்ன கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டு, நோட்டில் எழுதி, அப்புறம்தான் டப்பாவைத் திறப்பது. பல நாள் திறக்கவே தேவைப்படுவதில்லை, நனைத்த துணியும் தண்ணீரும் போதுமாக இருக்கிறது, அம்மாவோ தாத்தாவோ வந்துவிடுகிறார்கள். சந்தேகம் என்றால் 104க்கு அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்கிறோம்.

வருபவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டையை, காலியாக இருந்தாலும், கையோடு எடுத்துப் போங்கள். "வெள்ளையா, பெருசா, ஒரு மாத்திரை" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் ஒன்றும் விளங்காது.